மரித்தவர்களுக்கு நாம் செய்யக்கூடியது என்ன?



நவம்பர் மாதத்தை நம் தாயாகிய திருச்சபை மரித்த விசுவாசிகளின் ஆத்துமங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறாள். முதல் தேதி சகல அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாள்; மறுநாள் மரித்த விசுவாசிகள் அனைவரின் நினைவு. அன்று நம் கல்லறைத் தோட்டம் இருந்த அழகை நீங்களே பார்த்தீர்கள். புல் செதுக்கி, சுண்ணாம்படித்து, சாமந்தியும் ரோஜாவும் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றி, சிறு பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வந்து, "இது உன் தாத்தா, இது உன் பெரியம்மா" என்று காட்டிக் கொடுத்தீர்கள். வெளியூரில் வேலை செய்கிறவர்களும் இரவோடு இரவாகப் பஸ் ஏறி வந்து சேர்ந்தார்கள். இதெல்லாம் கண்டு என் மனம் சந்தோஷப்பட்டது.

கல்லறைகளை மந்திரித்து முடித்து நான் திரும்பும்போது, ஒரு பாட்டியம்மாள் வழியில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகன் ஓசூரில் இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது நெடுஞ்சாலையில் அடிபட்டு இறந்தவர். அவஸ்தைப்பூசுதல் கொடுக்கவோ, கையில் ஒரு பாடுபட்ட சுரூபத்தை வைக்கவோ அந்நேரம் யாரும் பக்கத்தில் இல்லை. பாட்டியம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சாமி, பூவும் போட்டுட்டேன், மெழுகுவர்த்தியும் ஏத்திட்டேன். இனி எம் புள்ளைக்கு நான் என்ன பண்ணட்டும்?"

அந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் நான் சொன்ன பதில் போதாது. அந்தக் கேள்வி அவர் ஒருவருடையதும் அல்ல. நம்மில் யார் வீட்டில் மரணம் நுழையவில்லை? ஆகையால் அதையே இந்த வாரத்துப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

கல் சொல்வதும் விசுவாசம் சொல்வதும்

இறந்தவர்களை மறக்கக் கூடாது என்னும் எண்ணத்தை மனித இருதயத்தில் எழுதியவர் சர்வேசுரன் தாமே. அதற்கு நம் பூமியே சாட்சி. நம் பர்கூர் தாலுகாவைச் சேர்ந்த மயிலாடும்பாறையில் தொல்லியல் துறையார் அகழ்ந்து பார்த்தபோது கிடைத்த இரும்பு 4,000 ஆண்டுகளுக்கும் முந்தியது என்று 2022-ல் அறிவித்தார்கள். அங்கே வாழ்ந்த பழங்கால மக்கள் தங்கள் இறந்தோரை அடக்கம் செய்து, அந்த இடத்தைக் கற்களால் அடையாளப்படுத்தி வைத்திருக்கிறார்கள். மல்லசந்திரத்துக் குன்றின்மேல் நிற்கும் கல்திட்டைகளைப் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பார்த்திருப்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமையெங்கும், ஊரையும் ஆடுமாடுகளையும் காக்கப் போரிட்டு மாண்ட வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் நிற்கின்றன. சேசுநாதரைப் பற்றிக் கேள்விப்படாத அம்மக்களும் இறந்தவனைக் குப்பை போல எறிந்துவிட மனம் ஒப்பவில்லை. இது நல்ல குணம். இதை நாம் இகழலாகாது.

இன்றைக்கும் நாம் கல் வெட்டுகிற மக்கள்தான். நம் மாவட்டத்துப் பாறைகளிலிருந்து வெட்டியெடுக்கும் ஒருவகைக் கிரானைட்டுக்கு வியாபாரத்தில் "பாரடைசோ" என்று பெயர். கல்லறுக்கும் பட்டறையில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் தினமும் உச்சரிக்கும் பெயர் அது. இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் மோட்சம். மோட்சம் என்று பெயருள்ள கல்லை அறுத்துப் பளபளப்பாக்கி நாடு நாடாக அனுப்புகிறோம். ஆனால் அந்தக் கல்லை எத்தனை அடி உயரம் நிறுத்தினாலும், அதன் கீழ் இருப்பவரை அது மோட்சத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமா? சேர்க்காது.

கல்லில் நாம் எழுதுவது என்ன? பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. இன்னார் இருந்தார் என்று கல் சொல்கிறது. அதற்கு மேல் சொல்ல அதற்குச் சக்தியில்லை. விசுவாசமோ, இன்னார் இருக்கிறார் என்று சொல்கிறது. ஆபிரகாமின் தேவனும் ஈசாக்கின் தேவனும் யாக்கோபின் தேவனுமானவர் மரித்தோரின் தேவனல்ல, ஜீவிக்கிறவர்களின் தேவன் என்று நமது ஆண்டவர் சதுசேயருக்குப் பதில் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். இருந்து இல்லாமற் போனவர் என்றால் அவரை நினைக்க மட்டுமே நம்மால் முடியும். இருக்கிறவர் என்றால் அவருக்கு நாம் ஏதாவது செய்யவும் முடியும். பாட்டியம்மாளின் கேள்விக்கு விடை இங்கேதான் துவங்குகிறது.

அழுவது குற்றமா?

துக்கத்தில் இருக்கிற சிலர் என்னிடம், "சாமி, அழுதால் விசுவாசக் குறைச்சலா?" என்று கேட்கிறார்கள். இல்லவே இல்லை. பெத்தானியாவில் தம் சிநேகிதனாகிய லாசரின் கல்லறையருகே சேசுநாதர் கண்ணீர் விட்டார். இன்னும் சற்று நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் அழுதார். அன்பு செய்கிறவன் அழுவான் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை.

அர்ச். சின்னப்பர் தெசலோனிக்கேயருக்கு எழுதியபோதும் துக்கப்படாதேயுங்கள் என்று கட்டளையிடவில்லை. நம்பிக்கையில்லாத மற்றவர்களைப் போலத் துக்கப்பட வேண்டாம் என்றே புத்தி சொன்னார். இரண்டுக்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு. ரயிலடியில் மகனை வழியனுப்புகிற தாயும் அழுகிறாள். ஆனால் அவன் போகிற ஊர் எது என்றும் திரும்பவும் அவனைக் காண்போம் என்றும் அவளுக்குத் தெரியும். கிறிஸ்தவனுடைய கண்ணீர் அத்தகையது.

திருச்சபை போதிப்பது என்ன?

நாம் சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்ததைக் கேள்வி விடையாக மீண்டும் பார்ப்போம். பெற்றோர் இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினால் நலம்.

கேள்வி: உத்தரிக்கிற ஸ்தலம் என்பது என்ன?
விடை: சர்வேசுரனுடைய சிநேகத்தில் மரித்தும், இன்னும் முற்றும் சுத்தமாகாதிருக்கிற ஆத்துமங்கள், மோட்சத்தில் பிரவேசிக்குமுன் அடையும் சுத்திகரிப்பே உத்தரிக்கிற ஸ்தலம் எனப்படும்.

கேள்வி: அது சிறிய நரகமா?
விடை: இல்லை. நரகத்தில் நம்பிக்கைக்கு இடமில்லை. உத்தரிக்கிற ஆத்துமங்களோ தாங்கள் மோட்சம் சேர்வது நிச்சயம் என்று அறிந்திருக்கின்றன. வயலிலிருந்து வந்தவன் கைகால் கழுவிக்கொண்டு கலியாண வீட்டுக்குள் நுழைவது போல, அவர்கள் வாசலில் சுத்தமாகிறார்கள். வெளியே தள்ளப்பட்டவர்கள் அல்ல.

கேள்வி: அவர்களுக்கு நம்முடைய உதவி எப்படிப் போய்ச் சேரும்?
விடை: பூமியில் யாத்திரை செய்கிற நாமும், உத்தரிக்கிற ஆத்துமங்களும், மோட்சத்திலுள்ள அர்ச்சியசிஷ்டவர்களும் ஒரே திருச்சபை, சேசுநாதரின் ஒரே ஞான சரீரம். இதைத்தான் பழைய விசுவாசப் பிரமாணத்தில் நம் பெரியவர்கள் சமுதீதப் பிரயோசனம் என்று சொல்லிவந்தார்கள். ஒரு சரீரத்தில் கை செய்யும் வேலையால் கால் பயனடைவது போல, நாம் செய்யும் புண்ணியம் அவர்களுக்கு உதவுகிறது.

கேள்வி: வேதாகமத்தில் இதற்கு ஆதாரம் உண்டா?
விடை: உண்டு. போரில் மாண்ட தன் வீரர்களுக்காக யூதா மக்கபே பணம் சேர்த்து, அவர்களுடைய பாவத்துக்குப் பரிகாரமாகப் பலி ஒப்புக்கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்பியதை மக்கபேயர் இரண்டாம் ஆகமம் 12-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்று நம்பியதாலேயே அவன் அவ்வாறு செய்தான் என்று அந்த ஆகமம் புகழ்கிறது.

கேள்வி: அங்கே ஓர் ஆத்துமம் எத்தனை காலம் இருக்கும்? அங்கே நெருப்பு எப்படிப்பட்டது?
விடை: திருச்சபை இதை வரையறுத்துச் சொல்லவில்லை. பிளாரன்ஸ் பொதுச்சங்கமும் (1439) திரிதெந்தின் பொதுச்சங்கமும் (1563) போதித்ததும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1964) மீண்டும் உறுதிப்படுத்தியதும் இவ்வளவே: மரித்தபின் சுத்திகரிப்பு உண்டு; அந்த ஆத்துமங்களுக்கு விசுவாசிகளின் வேண்டுதல்களும், விசேஷமாய்ப் பீடத்தின் திவ்விய பலியும் உதவி செய்கின்றன. பயனற்ற கதைகளையும் வீண் ஆராய்ச்சிகளையும் ஜனங்களுக்குப் பிரசங்கிக்கலாகாது என்று திரிதெந்தின் சங்கமே குருக்களை எச்சரித்தது.

கேள்வி: என் தகப்பனார் ஏற்கெனவே மோட்சம் சேர்ந்திருந்தால், நான் செய்யும் செபம் வீணா?
விடை: எந்தச் செபமும் வீணாவதில்லை. அவருக்குத் தேவையில்லையென்றால், நினைப்பார் யாருமற்ற இன்னோர் ஆத்துமத்துக்கு அது சர்வேசுரனுடைய இரக்கத்தால் உதவும். உன் தகப்பனாரும் உனக்காக மன்றாடுவார்.

ஒரு தாயின் கடைசி விண்ணப்பம்

இந்தப் போதகத்தை வாழ்ந்து காட்டிய ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அர்ச். மோனிக்கம்மாள் ஆப்பிரிக்காவின் வடபகுதியைச் சேர்ந்தவள்; இன்றைய அல்ஜீரியா தேசம். அவள் தன் கணவன் பத்ரீசியுசின் கல்லறைக்குப் பக்கத்திலேயே தனக்கும் ஓர் இடத்தை ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். இருவரும் அருகருகே அடக்கம் செய்யப்பட வேண்டுமென்பது அவளுடைய நீண்டநாள் ஆசை. நம் வீட்டுத் தாய்மாரின் ஆசையும் அதுதானே!

ஆனால் 387-ஆம் ஆண்டில், இத்தாலியாவிலிருந்து ஊருக்குத் திரும்பும் வழியில், ஓஸ்தியா என்னும் துறைமுகத்தில் காய்ச்சலாய்ப் படுத்தாள். வயது 56. இரண்டு குமாரர் கட்டிலருகே நின்றார்கள். ஒருவன், தாய் அந்நிய பூமியில் சாகாமல் சொந்த ஊரில் மரித்தால் நலமாயிருக்குமே என்றான். அதைக் கேட்டு அவள் வருத்தத்தோடு அவனைப் பார்த்தாள். இந்தச் சரீரத்தை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், இது ஒன்றே நான் கேட்பது என்று சொல்லி, சில நாட்களில் உயிர் விட்டாள். மற்றக் குமாரனே அர்ச். அகுஸ்தீன். அவர் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, அதை வாசிக்கிறவர்கள் தம் தாயையும் தகப்பனையும் பீடத்தருகே நினைத்துக்கொள்ளும்படி வேண்டிக்கொண்டார். ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்குப் பின் பர்கூரில் நாமும் அவளை நினைக்கிறோம். அந்தத் தாயின் விண்ணப்பம் எவ்வளவு நிறைவேறியது பாருங்கள்!

இனி நம் பக்கத்து வீடு ஒன்றைப் பார்ப்போம். யாருடைய வீடு என்று தேட வேண்டாம். பல ஊர்களில் கண்டதை ஒன்றாய்ச் சேர்த்துச் சொல்கிறேன். அங்கேயும் ஒரு தாய், இரண்டு குமாரர். தாய் இறந்தபின் மூத்தவன் வட்டிக்குக் கடன் வாங்கிக் கருங்கல்லில் கல்லறை கட்டினான். இளையவன் தனக்கும் பாசம் உண்டென்று காட்ட, சாலை முக்கில் கண்ணீர் அஞ்சலி என்று பெரிய பிளெக்ஸ் பலகை வைத்தான். ஆஸ்பத்திரிச் செலவை யார் கொடுத்தது என்னும் வழக்கில் இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்றுவிட்டது. வருஷ நினைவு வந்தது. காலையில் ஒருவன் குடும்பம், மாலையில் மற்றவன் குடும்பம், ஒரே கல்லறைக்கு இரண்டு முறை மாலை. அந்த வருஷம் முழுதும் அத்தாய்க்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கப்படவில்லை. செல்போனில் அவள் படத்தை வைத்தார்கள். அவள் பெயரைச் சொல்லி ஒரு பரலோக மந்திரம் சொன்னார்களா என்பது சந்தேகம்.

அந்தத் தாய் பேசக்கூடுமானால் என்ன கேட்பாள்? இன்னும் உயரமான கல்லையா? "பிள்ளைகளே, நீங்கள் இருவரும் ஒன்றாக வந்து என் பெயரைப் பீடத்தில் சொல்லுங்கள்" என்றுதான் கேட்பாள். உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு சமாதானமாகு என்று ஆண்டவர் போதித்திருக்கிறார். இறந்தவருக்காக ஒப்புக்கொடுக்கிற காணிக்கைக்கும் அதே சட்டம்தான். தாயின் ஆத்துமத்துக்கு நீ செய்யும் முதல் உதவி, உன் தம்பி வீட்டு வாசலில் ஏறுவதாக இருக்கலாம்.

கல்லறையே இல்லாதவர்கள்

பூப் போடுவதற்கு ஒரு கல்லறையும் இல்லாத குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு ஆறுதல் எங்கே?

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிறிஸ்மஸ் திருநாளுக்கு மறுநாள். வேளாங்கண்ணி மாதா கோவிலுக்குப் பல ஊர்களிலிருந்தும் யாத்திரிகர்கள் வந்திருந்தார்கள். பூசை கண்டவர்கள் பலர் கடற்கரைக்குப் போயிருந்த காலை நேரம் கடல் பொங்கி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் 6,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெயர் தெரியாதவர்கள், உறவினர் வந்து சேராதவர்கள் அநேகர் ஒரே குழியில் ஒன்றாய் அடக்கம் செய்யப்பட்டார்கள். எந்த ஊர், எந்தத் தாயின் பிள்ளை என்று எழுதி வைக்கவும் வழியில்லை.

அவர்களைத் திருச்சபை மறந்துவிட்டதா? இல்லை. வேளாங்கண்ணியில் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 26-ல் அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்து, நினைவு ஸ்தூபி இருக்குமிடத்துக்குப் பவனியாகச் சென்று வேண்டிக்கொள்கிறார்கள். உறவினரை இழந்த பிற மதத்தாரும் வந்து நிற்கிறார்கள். பெயர் தெரியாத பிள்ளைக்காக அந்நியர் ஒருவர் செபிக்கிறார். அந்தப் பெயர் சர்வேசுரனுக்குத் தெரியும். 2017-ல் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத கன்னியாகுமரிக் கரையோர மீனவர்களின் வீடுகளிலும் இதே துக்கம். சரீரம் கரை சேரவில்லை. ஆனால் பீடத்தில் அவர்கள் பெயர் வாசிக்கப்படுகிறது.

நம் பங்கிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. 2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில், முகத்தைக்கூடக் காணாமல் பெற்றோரைப் புதைத்தவர்கள் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வந்திருக்கிற பிள்ளைகளில் நம் வேதத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஊரில் தாய் இறந்த செய்தி போனில் வர, ரயிலேறி அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாமல் அழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் மோனிக்கம்மாள் சொன்ன வார்த்தை ஆறுதல் தருகிறது. கல்லறை ஓர் ஊரில்தான் இருக்கும். பீடமோ எல்லா ஊரிலும் இருக்கிறது.

திடீர் மரணம் அடைந்தவர்கள்

பாட்டியம்மாளின் துக்கத்தில் இன்னொரு முள்ளும் இருந்தது. மகன் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், நன்மை வாங்காமல் போய்விட்டானே என்ற பயம். தற்கொலையால் பிள்ளையை இழந்த பெற்றோர் இந்த முள்ளை இன்னும் ஆழமாய்ச் சுமக்கிறார்கள். வெளியே சொல்வதும் இல்லை.

பிரான்ஸ் தேசத்தில் ஆர்ஸ் என்னும் சிற்றூரின் பங்குக் குருவாயிருந்து 1859-ல் மரித்த அர்ச். ஜான் மரிய வியான்னியிடம், பாலத்திலிருந்து ஆற்றில் குதித்து மாண்ட ஒருவனின் மனைவி வந்தாள். அவள் வாய் திறக்குமுன்னே அவர் அவளுக்குச் சொன்ன ஆறுதல் பிரசித்தமானது: பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் அவன் மனஸ்தாபப்பட நேரமிருந்தது என்றார். நம் கண்ணுக்கு ஒரு விநாடி. சர்வேசுரனுடைய இரக்கத்துக்கு அது போதும். தற்கொலை செய்துகொண்டவர்களின் இரட்சணியத்தைப் பற்றி அவநம்பிக்கை கொள்ளலாகாது என்றும், அவர்களுக்காகத் திருச்சபை வேண்டிக்கொள்கிறாள் என்றும் நம்முடைய கத்தோலிக்க ஞானோபதேச நூலே சொல்கிறது. மனித உயிரை அழித்துக்கொள்வது கனமான பாவம் என்னும் போதனை மாறவில்லை. ஆயினும் நோயும் பயமும் துயரமும் ஒருவனுடைய புத்தியை எவ்வளவு மறைத்தன என்று நியாயம் தீர்க்க நமக்கு அதிகாரமில்லை. ஆகையால் இப்படிப்பட்ட வீட்டுக்குப் போகும்போது கேள்வி கேட்காதிருங்கள். முழங்காலில் நின்று அவர்களோடு செபமாலை சொல்லுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

இறந்தவரின் ஆவி என்ன சொல்கிறது என்று அறியக் குறி கேட்பதும், அஞ்சனம் பார்ப்பதும், ஆவியை அழைத்துப் பேசுவதாகச் சொல்கிறவரிடம் போவதும் முதல் கற்பனைக்கு விரோதமான பாவம். இறந்தவரோடு நமக்கு உறவு உண்டு; அந்த உறவு சேசுநாதர் வழியாகச் செபத்தில் நடக்கிறது, குறிகாரன் வழியாக அல்ல.

முப்பதாம் நாளுக்கும் வருஷ நினைவுக்கும் கடன் வாங்கி விருந்து வைப்பதை விட்டுவிடுங்கள். உறவினர் கூடி ஒரு வேளை சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் விதவையின் தாலிச் சங்கிலியை அடகு வைத்துச் சமைத்த சோறு இறந்தவருக்கு இளைப்பாற்றி தராது.

சரீரத்தைத் தகனம் செய்வதைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். கிறிஸ்தவ விசுவாசத்துக்கு விரோதமான எண்ணம் இல்லையென்றால் அதற்கு 1963 முதல் அனுமதி உண்டு. ஆனால் சரீர உத்தானத்தை விசுவசிக்கிற நமக்கு அடக்கம் செய்வதே சிறந்தது என்று 2016-ல் உரோமாபுரி மீண்டும் அறிவுறுத்தியது. சாம்பலை ஆற்றிலோ காற்றிலோ தூவக் கூடாது. பரிசுத்தமான இடத்தில் மரியாதையாய் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. பூசை. எல்லா உதவியிலும் மேலானது இதுவே. பிரான்ஸ் நாட்டுக் குளூனி மடத்தின் அதிபர் அர்ச். ஓதிலோ ஏறக்குறைய 998-ல் தம் மடங்களில் நவம்பர் 2-ஐ மரித்தோர் நாளாக ஏற்படுத்தினார்; பிறகு அது திருச்சபை முழுவதும் பரவிற்று. முதல் உலக யுத்தத்தில் இலட்சக்கணக்கானவர் மாண்டபோது, 1915-ல் பாப்பரசர் 15-ஆம் ஆசீர்வாதப்பர் அந்நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை செய்ய அனுமதி கொடுத்தார். பூசைக் கருத்துக்குக் காணிக்கை கொடுக்க வசதியில்லாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். பூசை விலைக்கு விற்கிற பொருளல்ல. எளியவர்களின் கருத்துக்குக் காணிக்கையின்றியும் பூசை செய்யும்படி திருச்சபைச் சட்டமே குருக்களைத் தூண்டுகிறது. பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், போதும். ஆனால் பெயரைக் கொடுத்துவிட்டு வராமலிருந்து விடாதீர்கள். அந்தப் பூசையில் நீங்களே பங்குபெற்று நன்மை வாங்குவதே பெரிய காணிக்கை.

2. பரிபூரண பலன். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் முதல் தேதி தொடங்கி எட்டாம் தேதி வரை கல்லறையைச் சந்தித்து, மனதிலாவது மரித்தோருக்காக வேண்டிக்கொள்கிறவர்கள், நாளொன்றுக்கு ஒரு பரிபூரண பலனை உத்தரிக்கிற ஆத்துமங்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, பாப்பரசரின் கருத்துக்காக வேண்டி, எந்தப் பாவத்தின்மேலும் பற்றில்லாதிருக்க வேண்டும். ஒரு பாவசங்கீர்த்தனம் பல நாளைக்குப் போதும். நன்மை வாங்குவதும் பாப்பரசருக்காக வேண்டுவதும் அந்தந்த நாளுக்கு வேண்டும். மற்ற நாட்களில் கல்லறைக்குப் போய் வேண்டிக்கொண்டாலும் பலன் உண்டு, அது பரிபூரணமானதல்ல.

3. குடும்பச் செபம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, உங்கள் குடும்பத்தில் மரித்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். பாட்டன் பாட்டி பெயரைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் போய்விட்டால் சொல்ல ஆளிராது. ஞானஸ்நானம் கொடுத்த குருக்களையும், ஞானோபதேசம் கற்பித்த உபதேசியாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் தருமபுரி மறைமாவட்டம் 1997-ல்தான் ஏற்பட்டது. அதற்கு முன் நாம் சேலம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அந்நாட்களில் இந்த ஊர்களுக்கு வந்து பூசை செய்த குருக்களை நாம் மறந்தால் யார் நினைப்பார்கள்? இரவுச் செபமாலை முடிந்தபின் ஒரு பிள்ளை அந்தப் பெயர்களை வாசிக்க, மற்றவர்கள் நித்திய இளைப்பாற்றி செபத்தைச் சொல்லட்டும். இரவு வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்தபடி சொல்லலாம்.

4. தர்மம். கல்லுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இறந்தவர் பெயரால் ஏழைப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ, நோயாளியின் மருந்துக்கோ கொடுங்கள். பெயர்ப் பலகை வேண்டாம்.

5. நீதி. இறந்தவர் யாருக்காவது கடன்பட்டிருந்தால் பிள்ளைகள் அதைத் தீர்க்கட்டும். அவர் யாரையாவது நோகச் செய்திருந்தால் அவர் சார்பில் போய் மன்னிப்புக் கேளுங்கள். அவர் உங்களை நோகச் செய்திருந்தால், அவரை மன்னியுங்கள். குடித்து வீட்டைக் கெடுத்த தகப்பனை மன்னிக்க முடியாமல் செபிக்கவும் முடியாமல் தவிக்கிற பிள்ளைகளை நான் அறிவேன். "ஆண்டவரே, என்னால் இயலவில்லை, நீர் அவருக்கு இரங்கும்" என்று சொல்லத் தொடங்குங்கள். அதுவே மன்னிப்பின் முதற்படி.

முடிவாக ஒரு வார்த்தை

அன்று பாட்டியம்மாளுக்கு நான் சொன்னது இதுதான்: "பாட்டியம்மா, அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்ன செய்தீர்கள்? குளிப்பாட்டினீர்கள், சோறூட்டினீர்கள், கோவிலுக்குக் கூட்டி வந்தீர்கள். இப்போதும் அதையே செய்யுங்கள். உங்கள் செபத்தால் அவனைக் குளிப்பாட்டுங்கள். பூசைக்கு வரும்போது மனதில் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலைப் பூசைக்கு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். மூன்றாம் நாள் தம்மோடு மருமகளையும் பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். பேரன் ஒரு துண்டுக் காகிதத்தில் தன் தகப்பனார் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, பீடத்தருகே வைத்துவிட்டுப் போனான்.

பிரியமான மக்களே, இந்த வாரம் உங்கள் வீட்டிலும் ஒரு துண்டுக் காகிதம் எழுதப்படட்டும். அதில் ஒரு வரி காலியாய் விடுங்கள். நினைப்பார் யாருமில்லாத ஓர் ஆத்துமத்துக்காக அந்த வரி இருக்கட்டும். பிற்காலத்தில் உங்களுக்குச் சொந்தமான குரு ஒருவன் மரித்தான் என்று கேள்விப்படும்போது, அவனையும் அந்த வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

மரித்த விசுவாசிகளின் ஆத்துமங்கள் சர்வேசுரனுடைய இரக்கத்தால் சமாதானத்தில் இளைப்பாறுவதாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு